கலையும் கூட்டமும் கலையாத மரபும்: இத்தாக்கா பனித்தளத்து ஹொக்கி இரசிகர்கள்

நியூயோர்க் மாநிலத்தின் உட்பகுதியில், கயூகா என்னும் நெடிய ஏரியின் தென்முனையில், இத்தாக்கா என்ற சிறுநகர் அமைந்துள்ளது. ரொறன்ரோவிலிருந்து பஃபலோ வழியாகக் காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். கிரேக்கப் பெருங்கவி ஹோமரின் காவியத்தில், இருபது ஆண்டுகள் வீட்டைப் பிரிந்திருந்த ஒடிசியஸ் திரும்பிச் செல்லத் தவித்த தீவின் பெயரே இந்நகருக்குச் சூட்டப்பட்டது. அந்நகரின் குன்றின்மேல் 1865 இல் நிறுவப்பட்ட கோர்னெல் பல்கலைக்கழகம் நம்மவருட் கல்வியாளர் சிலருக்கு ஏற்கெனவே அறிமுகமானது. சிங்கள மொழியையும் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழையும் ஆராய்ந்த மொழியியலாளர் ஜேம்ஸ் கெயர் அங்குதான் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். ஆயினும் நாம் இங்கு எழுத முற்படுவது மொழியியலைப் பற்றியன்று. அப்பல்கலைக்கழகத்தின் பனித்தளத்தில் மாரிகால வெள்ளி, சனி மாலைகளிற் கூடும் ஒரு கூட்டத்தைப் பற்றியது.

பனிக்கட்டி ஹொக்கி பார்க்கும் மாணவர் கூட்டத்தில் அகதிகளாகிய நமக்கென்ன அக்கறை என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எல்லையைத் தாண்டும் பத்திரங்கள் இன்னும் கைக்கு எட்டாத வாசகர் பலர் நமக்கு உளர். அவர்கள் இத்தாக்காவைக் காண்பதற்கு இன்னும் சில காலம் ஆகலாம். எனினும் அக்கூட்டத்திடம் ஓர் அதிசயம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் மாணவர் அனைவரும் கலைந்துபோய் முற்றிலும் புதியவர்கள் வந்து சேருகின்றனர். அவ்வாறிருந்தும் அறுபது ஆண்டுகளாக அதே கூச்சல், அதே கேலி, அதே தாளம் பிசகாமல் தொடர்கின்றது. பிள்ளைகளிடம் மொழியும் வழக்கமும் நிலைக்குமா என்று இரவில் உறக்கமின்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு இதைக் காட்டிலும் அக்கறைக்குரிய விடயம் வேறு உண்டோ என நாம் அறியோம்.

பனியும் வட்டும்

ஊரில் நாம் அறிந்த ஹொக்கி புற்றரையில் ஆடப்படுவது. வட அமெரிக்காவிலோ ஹொக்கி என்றாலே பனிக்கட்டி மீது ஆடப்படுவது என்றுதான் பொருள். தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது, மூலைகள் வளைந்தவை. சுற்றிலும் பலகை மதில், அதன்மேல் தடித்த கண்ணாடி. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட கறுப்பு இறப்பர் வட்டு. ஒவ்வோர் அணியிலும் கோல் காப்பாளர் உட்பட அறுவர் தளத்தில் நிற்பர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஒரு வீரர் முக்கால் நிமிட அளவில் முழுமூச்சையும் செலவிட்டு ஆடிவிட்டு வாங்குக்குத் திரும்ப, அடுத்தவர் மதிலைத் தாண்டிக் குதிப்பார். கண் இமைக்கும் நேரத்தில் வட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும். முதன்முறை பார்ப்பவருக்கு வட்டு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்த பின்னரே கோல் விழுந்தது என அறிந்துகொள்வார்.

கல்லூரி ஆட்டத்துக்கும் தொலைக்காட்சியில் நாம் காணும் தொழில்முறை ஆட்டத்துக்கும் சில வேறுபாடுகள் உண்டு. கல்லூரி வீரர் முகம் முழுவதையும் மூடும் காப்பு அணியவேண்டும். கைகலப்பில் இறங்குபவர் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவதோடு அடுத்த ஆட்டத்தையும் இழப்பார். கோர்னெல், ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் முதலான எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பாகிய ஐவி லீக் விளையாட்டுத் திறமைக்கெனப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை. குடும்ப வருவாயைப் பொறுத்த உதவி மட்டுமே உண்டு. ஆகவே தளத்தில் ஆடுபவர் மறுநாள் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் அமர்பவர். கூட்டத்துக்கும் அணிக்கும் இடையே இத்தகைய நெருக்கம் பெரும் தொழில்முறை அரங்குகளிற் கிடைப்பதரிது.

மாலை ஏழு மணி

லைனா பனித்தளம் 1957 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பீபி ஏரி உறையும் காலத்தில் அதன்மேல் ஆடினர். ஏரி சரிவர உறையாத மாரிகளில் ஆட்டமும் இல்லை. ஈற்றில் 1940களின் இறுதியில் அணியே கைவிடப்பட்டது. கூரையுள்ள தளம் எழுந்த பின்னரே ஆட்டம் மீண்டும் உயிர்பெற்றது. கட்டடம் பெரிதன்று. 2006 இல் விரிவாக்கப்பட்ட பின்னரும் 4,267 பேருக்கே அதில் இடமுண்டு. இருபதினாயிரம் பேர் அமரும் தொழில்முறை அரங்குகளுடன் ஒப்பிடின் இது ஒரு கிராமத்துக் கொட்டகை. ஆனால் அந்தச் சிறுமையே அதன் வலிமை. தாழ்ந்த கூரையின் கீழ் எழும் ஒலி வெளியேற வழியின்றி மீண்டும் தளத்தின்மேல் விழும். எதிரணி வீரருக்குத் தம் பயிற்றுநர் சொல்வது கேட்பதில்லை.

ஒரு பக்கத்து வாங்குகளில் மாணவர். மறுபக்கத்தில் நகரத்தார், பேராசிரியர், முதியோர், குழந்தைகள். மாணவர் பக்கத்தில் வாங்குகள் இருப்பது அமர்வதற்கன்று. ஆட்டம் முடியும்வரை அவர்கள் நின்றபடியே இருப்பர். பருவகால நுழைவுச்சீட்டுகளுக்காக முற்காலத்தில் மாணவர் போர்வைகளோடு இரவிரவாக வரிசையில் கிடந்ததுண்டு.

எதிரணி வீரரின் பெயர்களை அறிவிப்பாளர் வாசிக்கத் தொடங்கியதும் நடைபெறும் காட்சி பத்திரிகைத் தொழில் செய்யும் நம்மைப் போன்றோரைச் சற்றே துணுக்குறச் செய்யும். மாணவர் அனைவரும் ஒரே நேரத்தில் செய்தித்தாள்களை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு மும்முரமாக வாசிப்பதுபோல் நடிப்பர். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் சலிப்பைத் தெரிவிக்கும் ஒரு கூச்சல். உங்கள் பெயர் நேற்றைய செய்தியைவிடச் சுவையற்றது என்பதே அதன் உட்பொருள். தம் அணியின் முறை வந்ததும் தாள்கள் கசக்கப்பட்டுப் பறக்கும். பெரும்பாலும் இதற்குப் பயன்பட்டது 1880 இல் தொடங்கப்பட்ட மாணவர் நாளேடாகிய 'கோர்னெல் டெய்லி சன்'. ஒரு காலத்தில் வாரத்தில் ஐந்து நாள் அச்சான அவ்வேடு இன்று அவ்வாறு அச்சாவதில்லை. ஆயினும் பனித்தளத்தில் மட்டும் அச்சுத்தாளுக்கு மதிப்புக் குன்றவில்லை. கைத்தொலைபேசியை விரித்து முகத்தை மறைக்க முடியாதல்லவா!

அணியின் பெயர் 'பெருஞ்சிவப்பு'. ஆகவே தேசிய கீதம் இசைக்கப்படும்போது, சிவப்பு என்னும் சொல் வரும் இடத்தில் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் அச்சொல்லை முழங்கும். ஆட்டத்தினிடையே ஒரு மாணவர் மாட்டு மணியைக் கையிலேந்தித் தாளம் அடிக்க, அரங்கு கைதட்டி மறுமொழி கூறும். பாண்ட் வாத்தியக் குழு ஒவ்வொரு கோலுக்கும் பல்கலைக்கழகப் பாடலை முழக்கும். எதிரணியின் கோல் காப்பாளரை வட்டு கடந்துவிட்டால், ஆயிரக்கணக்கான விரல்கள் ஒரே வேளையில் அவரைச் சுட்டும். அவருக்குக் கூட்டம் சூட்டும் பட்டம் 'சல்லடை'. நீர் நிற்காத பாத்திரம் என்பதே வசை. நம் கிராமத்துக் கிழவிகள் சொல்லியிருக்கக்கூடிய வசைதான். ஆட்டம் கைவசமாகிவிட்டது எனத் தெரிந்ததும் சாவிக்கொத்துகளைக் குலுக்கி, வந்தவர்களின் பஸ்ஸைக் கிளப்பச் சொல்லும் கேலியும் அமெரிக்கக் கல்லூரித் தளங்களில் வழக்கமாகும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெற் போட்டியை, அந்த 'வடக்கின் மாபெரும் சமரை' நேரிற் கண்டவர்களுக்கு இவை எதுவும் விசித்திரமாகத் தோன்றா. கொடியும் பாண்டும் பழைய மாணவரின் கூத்தும் சேர்ந்த அந்த உற்சாகத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் என்றே இதனைக் கொள்ளலாம்.

கூட்டம் உருவான வரலாறு

இக்கூட்டம் தன்னைத்தான் 'லைனாவின் விசுவாசிகள்' என அழைத்துக்கொள்கிறது. விசுவாசம் வெறுமையிலிருந்து தோன்றவில்லை. 1963 இல் நெட் ஹார்க்னெஸ் என்பவர் பயிற்றுநராக வந்தார். ஒட்டாவாவிற் பிறந்தவர், முன்னர் 1954 இல் ட்ரோய் நகரின் தொழில்நுட்பக் கல்லூரி அணியைத் தேசிய வெற்றிக்கு இட்டுச் சென்றவர். ஒன்ராறியோவிலிருந்தும் மேற்குக் கனடாவிலிருந்தும் இளைஞரை அழைத்துவந்து அவர் அமைத்த அணி 1967 இலும் 1970 இலும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கிண்ணத்தை வென்றது. 1970 ஆம் ஆண்டு அணி ஆடிய 29 ஆட்டங்களிலும் வெற்றி பெற்றது. ஒரு தோல்வியோ சமநிலையோ இன்றித் தேசியக் கிண்ணத்தை வென்ற ஆடவர் அணி அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை. 1967 முதல் 1972 வரை தம் சொந்தத் தளத்தில் அவர்கள் தொடர்ந்து 63 ஆட்டங்களை வென்றனர். எதிரணிகள் இத்தாக்காவுக்கு வருவதையே அஞ்சிய காலம் அது.

அக்கால அணியின் கோல் காப்பாளரை ரொறன்ரோ வாசகர் பலர் வேறொரு கோலத்தில் அறிந்திருப்பர். ஹமில்ரனிற் பிறந்து ரொறன்ரோவின் மேற்குப் புறத்தில் வளர்ந்த கென் டிறைடன், கோர்னெலுக்காக ஆடிய மூன்று பருவங்களில் 76 வெற்றி, 4 தோல்வி, ஒரு சமநிலை என்னும் கணக்கை விட்டுச் சென்றார். வரலாற்றுப் பட்டதாரியாக 1969 இல் வெளியேறி, மொன்றியல் கனேடியன்ஸ் அணிக்கு ஆறு ஸ்ரான்லி கிண்ணங்களை வென்று கொடுத்து, அதனிடையே மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டமும் பயின்றார். பின்னர் 2004 முதல் 2011 வரை யோர்க் சென்ரர் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும், சில காலம் சமூக அபிவிருத்தி அமைச்சராகவும் இருந்தார். 2025 செப்ரெம்பரில் தமது 78 ஆவது வயதில் காலமானார். அவர் அணிந்த முதலாம் இலக்கம் லைனாவில் வேறெவருக்கும் வழங்கப்படுவதில்லை. 2010 இல் அவ்விலக்கம் ஓய்வுபெற்றபோது அரங்கில் நின்ற மாணவரில் எவரும் அவர் கோர்னெலுக்கு ஆடிய காலத்தில் பிறந்திருக்கவில்லை.

கோழியும் மீனும்

எந்த விசுவாசத்துக்கும் ஒரு பகைவன் வேண்டும். லைனாவின் பகைவன் ஹாவார்ட். பகையின் தோற்றுவாயைப் பற்றி வழங்கும் கதை இது: 1970களின் தொடக்கத்தில் பொஸ்ரனருகே நடந்த ஓர் ஆட்டத்தில், ஹாவார்ட் இரசிகர் ஒருவர் கோர்னெல் கோல் காப்பாளரை நோக்கி ஒரு கோழியை எறிந்தார். கோர்னெலில் விவசாயக் கல்லூரி ஒன்று உண்டு. நீங்கள் பண்ணைக்காரர்கள் என்பதே ஏளனம். நம்மூர்ப் பேச்சில் 'தோட்டக்காரன்' என்று சிலர் இளக்காரமாகச் சொல்வதை நினைவுகூர்க. அதற்கு மறுமொழியாக இத்தாக்கா மாணவர், கடற்கரை நகரிலிருந்து வந்த ஹாவார்ட் அணியை மீன்களால் வரவேற்கத் தொடங்கினர். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் உண்டு. ஹாவார்ட் வரும் நாளில் வாயிற் காவலர் சட்டைப்பைகளைச் சோதிப்பர். என்ன சோதித்தும் எப்படியோ குளிரங்கிகளுக்குள் மீன் உள்ளே வந்துவிடும். எதிரணி தளத்தில் இறங்கும் வேளையில் மீன்கள் பறக்கும். ஊழியர் வாளியும் சவளுமாக வந்து அவற்றை வாரி அகற்றுவர்.

இதிற் கவனிக்கத்தக்கது பகையைவிடப் பகைக்கு இடப்பட்டுள்ள வேலி. ஆட்டம் நடக்கையில் பொருள் எறிந்தால் நடுவர் உள்ளூர் அணிக்கே தண்டனை விதிக்கலாம். ஆகவே எறிபவனின் தவறுக்கு அவன் நேசிக்கும் அணியே விலை கொடுக்கும். எறிந்து பிடிபட்டவர் வெளியேற்றப்படுவார். கூச்சல்களில் கொச்சைச் சொற்கள் குறைவல்ல. நிர்வாகமும் முதியோரும் அவற்றைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கின்றனர், மாணவர் பாதி கேட்டும் பாதி கேளாமலும் இருக்கின்றனர். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் வரிசையாக வந்து கைகுலுக்குவர். இரண்டரை மணி நேரம் சல்லடை என வசைபாடப்பட்ட கோல் காப்பாளர் தம் பையைத் தூக்கிக்கொண்டு அதே மாணவர் நடுவே நடந்து பஸ்ஸில் ஏறுவார். எவரும் அவரைத் தொடுவதில்லை.

கூட்டம் என்ற சொல்

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினோம் என்றாலும் பிழையில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் கத்துவதைக் கேட்டதும் அடிவயிறு சில்லிடும் மனிதர் நம்மிடையே உளர். 1958 இலும் 1977 இலும் 1983 யூலையிலும் தெருக்களில் கேட்ட ஒருமித்த குரல் எத்தகையது என்பதை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குரலுக்குப் பின் நடந்ததையும் விளக்க வேண்டியதில்லை. பட்டாசுச் சத்தத்துக்கும் ஹெலிகொப்ரர் சத்தத்துக்கும் நடுங்குவதுபோல், மகிழ்ச்சிக் கூச்சலுக்கும் சிலர் நடுங்குவதுண்டு. பிள்ளைகளை விளையாட்டரங்குக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரில் சிலரது தயக்கத்தின் வேர் குளிரிலோ நுழைவுச்சீட்டின் விலையிலோ இல்லை, இங்குதான் இருக்கிறது.

கூட்டத்தைப் பற்றி எழுதிய அறிஞரும் பெரும்பாலும் அச்சத்தோடுதான் எழுதினர். 1895 இல் பிரெஞ்சு அறிஞர் கூஸ்தாவ் லெ பொன், கூட்டத்துட் சேர்ந்த மனிதன் தன் அறிவை இழந்து பல படிகள் கீழிறங்குகிறான் என வாதிட்டார். நாசிகள் வியன்னாவைக் கைப்பற்றிய பின் இலண்டனில் அடைக்கலம் புகுந்த எலியாஸ் கனெற்றி, 1960 இல் வெளியிட்ட தமது பெருநூலில் இன்னும் நுட்பமாக நோக்கினார். விளையாட்டரங்கின் கூட்டம் நகரத்துக்கு முதுகைக் காட்டி வட்டமாக அமர்ந்து தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது. அங்கு மூண்ட வெறி அந்த வளையத்துக்குள்ளேயே செலவழிகிறது என்பது அவர் கண்ட உண்மை. அவரும் அகதியாக வாழ்ந்தவர் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

லைனாவில் நாம் காண்பது இதுவே. வசைக்கு ஒரு நேரம், ஒரு தாளம், ஒரு முடிவு உண்டு. சுவருக்கு வெளியே அது செல்லுபடியாகாது. தெருவில் இறங்கிய கூட்டத்துக்குப் பின்னால், பார்த்தும் பாராதிருந்த ஓர் அரசு இருந்தது. பனித்தளத்தின் கூட்டத்துக்கு எதிரே விசிலுடன் ஒரு நடுவர் நிற்கிறார்; அவர் ஊதினால் உள்ளூர் அணிக்கும் தண்டனை விழுகிறது. கூட்டம் என்பது இயல்பிலேயே கொடியது என்று நாம் முடிவு கட்டியிருந்தால், அம்முடிவை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க இவ்வேறுபாடு இடமளிக்கிறது.

நான்காண்டுக் கணக்கு

இனி நாம் முதலிற் குறிப்பிட்ட அதிசயத்துக்கு வருவோம். பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். ஆகவே 1967 இன் வெற்றியைக் கண்ட மாணவர் கூட்டத்துக்கும் இன்றைய கூட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ பதினான்கு தலைமுறைகள் கடந்துவிட்டன. எந்தக் கூச்சல் எப்பொழுது எழ வேண்டும், தாளை எப்போது விரிக்க வேண்டும், எப்போது கசக்க வேண்டும் என்பவற்றுக்குப் பாடநூல் இல்லை, தேர்வு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதிய மாணவன் ஒருவன் ஒன்றும் புரியாமல் வாங்கில் ஏறி நிற்கிறான். பக்கத்தில் நான்காம் ஆண்டு மாணவி நிற்கிறாள். அவள் கத்தும்போது அவன் ஒரு நொடி தாமதமாகக் கத்துகிறான். மூன்றாவது ஆட்டத்தில் தாமதம் மறைகிறது. தை பிறக்குமுன் அவன் வேறொருவனுக்கு வழி காட்டுகிறான். மணி அடிக்கும் மாணவர் படித்து முடித்து வெளியேறினால் மணி வேறொரு கைக்கு மாறுகிறது, தாளம் மாறுவதில்லை.

இம்மரபுக்கு மிகக் கடினமான சோதனை 2020 இல் நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் கோர்னெலின் ஆடவர் அணியும் மகளிர் அணியும் ஒரே வேளையில் அமெரிக்கக் கல்லூரிகளின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தன. ஆடவர் 23 வெற்றி, 2 தோல்வி, 4 சமநிலை. மகளிர் 28 வெற்றி, 2 தோல்வி, 3 சமநிலை. கொரோனாப் பெருந்தொற்றினால் மார்ச் 12 அன்று தேசியப் போட்டிகள் இரத்துச் செய்யப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருந்த கிண்ணம், ஆடிப் பார்க்கும் வாய்ப்பே இன்றிக் கைநழுவியது. அடுத்த பருவம் முழுவதையும் ஐவி லீக் கைவிட்டது. 2021 இலையுதிர் காலத்தில் கதவுகள் மீண்டும் திறந்தபோது, முதலாம் ஆண்டினரும் இரண்டாம் ஆண்டினரும் லைனாவில் ஒரு மாலையைக்கூடக் கண்டதில்லை. மூன்றாம் ஆண்டினர் ஒரேயொரு பருவத்தைக் கண்டிருந்தனர். மரபு அறிந்தோர் பாதிக்கும் குறைவாகிவிட்டனர். இன்னும் இரண்டாண்டுகள் கதவு மூடியிருந்தால் கயிறு அறுந்தேயிருக்கும்.

அறுபடாமல் காத்தவர்களில் மறுபக்கத்து வாங்குகளில் அமர்ந்திருந்த நகரத்தாருக்கும் பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம். அவர்களுக்கு நான்காண்டுக் கணக்கு இல்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளாக அதே இருக்கையில் அமர்பவர் அங்கு உண்டு. கத்துவோர் இளையோர், நினைவில் வைத்திருப்போர் முதியோர். பயிற்றுநர் மைக் ஷேஃபரும் அத்தகைய நினைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒன்ராறியோவின் டேர்ஹம் என்னும் சிற்றூரிலிருந்து வந்து 1980களில் கோர்னெலுக்காக ஆடியவர். ஹாவார்டுடனான ஓர் ஆட்டத்தின் முன்னர்த் தமது தடியைத் தம் தலைக்கவசத்தின்மேல் அடித்து முறித்துக் கூட்டத்தை வெறிகொள்ளச் செய்த கதை இன்னும் பேசப்படுகிறது. 1995 இல் பயிற்றுநராகத் திரும்பி, முப்பது பருவங்கள் பணியாற்றி, 2025 இல் ஓய்வுபெற்றார். மாணவர் மாறினாலும் மாறாத முகங்கள் சில இருந்தமையே கூட்டத்துக்கு முதுகெலும்பு.

புலம்பெயர்ந்த விசுவாசிகள்

படித்து முடித்தவர் எங்கே போகின்றனர்? பொஸ்ரனுக்கு, நியூயோர்க் மாநகருக்கு, உலகின் மூலைமுடுக்கெல்லாம். கோர்னெல் அணி ஹாவார்டின் தளத்துக்கு ஆடச் செல்லும் நாளில், அந்நகரில் வாழும் பழைய மாணவர் திரண்டு அரங்கைச் சிவப்பாக்கிவிடுவர். உள்ளூர்க்காரரின் குரல் அமுங்கிப்போகும். அவ்வரங்குக்கு அவர்கள் இட்ட பெயர் 'கிழக்கு லைனா'. 2007 முதல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்துடன் நியூயோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் நடத்தப்படும் ஆட்டங்களிலும் இதுவே காட்சி. நரைத்த தலையோடு வழக்கறிஞரும் வைத்தியரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பர். அருகில் அவர்களின் பிள்ளைகள், இத்தாக்காவைக் கண்டிராத பிள்ளைகள், அதே நொடியில் அதே தாளைக் கசக்குவர்.

ஒடிசியஸ் பெயர்கொண்ட நகருக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கம் வேறில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்க நாம் விரும்பவில்லை. அவர்கள் விரும்பிய நாளில் இத்தாக்காவுக்குத் திரும்பலாம். தளம் அங்கேயே இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களிலும் கோயில் வீதிகளிலும் சில இருந்த இடமே தெரியாமற் போயின. நாம் எடுத்துச் செல்லக்கூடியவை நம்மோடு வந்தவை மட்டுமே. ஆதலால் கைமாற்றுதல் அவர்களுக்கு உல்லாசம், நமக்கு அவசியம்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகளை அமர்த்தி, நம் பண்பாடு தொன்மையானது, அதைக் காப்பது உங்கள் கடமை என்று நாம் உபதேசிக்கிறோம். உபதேசம் தவறென்று கூறோம். ஆனால் லைனாவில் எவரும் எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. மூத்தவர் இளையவர் பக்கத்தில் நின்றார். தாம் மகிழ்ந்து செய்ததை அவர் காணச் செய்தார். ஒரு நொடி தாமதமாக வந்த குரலைக் கேலி செய்யாமல் சேர்த்துக்கொண்டார். தமிழில் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்த பிள்ளையைப் பார்த்துச் சபை சிரிக்கும் நம் விழா மேடைகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த ஆண்டு மேடைக்கு வருவதில்லை.

மாரி வந்துவிட்டால் உங்கள் மகனோ மகளோ பாடசாலை ஹொக்கி ஆட்டம் பார்க்கப் போகவேண்டும் எனக் கேட்கக்கூடும். போகச் சொல்லுங்கள், முடிந்தால் உடன் சென்று பக்கத்தில் நில்லுங்கள். சத்தம் முதலில் அச்சுறுத்தும். வட்டு எங்கே போகிறது என்பதும் தெரியாது. பிள்ளை சொல்லித்தரும். அன்றிரவு வீடு திரும்பும் வழியில், யாழ்ப்பாணத்து மைதானத்தில் நீங்கள் எந்தக் கல்லூரிக் கொடியின் கீழ் நின்று கத்தினீர்கள் என்று அது கேட்கும். அதற்கு நேரமெடுத்து மறுமொழி சொல்லுங்கள்.